வெள்ளிக்கிழமைப் பசி

ஏரி உறைந்து அதன்மேல் லாரி ஓடுகிற ஜனவரிக் குளிரில், வெர்னா ஒரு மெல்லிய பருத்திக் கவுனைப் போட்டுக்கொண்டு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கனத்த கோட்டு, பூட்ஸ், கம்பளிக் காலுறை, கைக்கடிகாரம், தோடு எல்லாம் நாற்காலியில் கிடந்தன. போன வாரம் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றிப் பார்த்தாள். எடை குறையவில்லை, தராசின் முள் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

உடம்பு இளைக்க நினைக்கிற பெண்கள் கூடுகிற எடைச் சங்கத்தில் எல்லோரிடமும் இப்படி ஒரு கவுன் உண்டு. கோடையில் கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி இலேசாக இருக்கும். வருஷம் முழுக்கச் சனிக்கிழமை காலையில் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமேல் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது சட்டம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் வறுத்த மீன் என்று அர்த்தம். பாரிலும் மீன், மாதா கோயில் கூடத்திலும் மீன், கூடவே உருளைக்கிழங்கு அடை, கோஸ் சாலட், ரை தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டி. அந்த ஒரு வேளையைப் பிடுங்கிவிட்டால் பாதி எடை தானாக இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான், சங்கத்தை ஆரம்பித்த மகராசி யாரோ சனிக்கிழமை காலையில் தராசை வைத்தாள். நல்லவேளை, அவள் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஊரே சேர்ந்து அடித்திருக்கும்.

தராசுப் பொறுப்பு ஆர்டிஸிடம் இருந்தது. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் பொட்டலம் நிறுத்தவள் என்பதால் வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. எத்தனை பவுண்டு என்று அவள் சத்தமாகச் சொல்லமாட்டாள். குறைந்திருக்கிறது, கூடியிருக்கிறது, அப்படியே இருக்கிறது, இந்த மூன்றில் ஒன்றுதான். குறைந்தவளுக்குக் கைதட்டு. கூடியவள் எழுந்து நின்று, என்ன சாப்பிட்டாள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டும்.

"அப்படியே இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

இலையுதிர் காலத்திலிருந்தே இதே பாட்டுதான். நாற்காலி வரிசையிலிருந்து பாவப்பட்டு இரண்டு பேர் தட்டினார்கள். வெர்னா அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் ரோலண்ட், சண்டை சச்சரவு ஏதுமில்லாமல், எண்ணெய் மாற்றக் காரைக் கொண்டுபோகிறவன் போல ஒருநாள் கிளம்பிப் போய் இருபது வருஷமாகிறது. மகன் அரிசோனாவில். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டிக்கொண்டே கூப்பிடுவான், போகவேண்டிய இடம் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். சங்கத்தில் சேர்ந்தபோது அவள் எடை இருநூற்று எழுபதுக்குமேல். இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஏறக்குறைய தொண்ணூறு பவுண்டை இறக்கினாள். போன மே மாதம் அவளை அந்த வருஷத்து ராணி என்று அறிவித்து, அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குமுன் வாழ்க்கையில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. கல்யாணத்தில் தட்டினார்கள்தான், ஆனால் அது ரோலண்ட் நன்றாக ஆடினான் என்பதற்காக.

அந்தக் கைதட்டலுக்காக அவள் எதையும் செய்வாள். செய்தும் கொண்டிருந்தாள். காலையில் ஒரு முட்டை, மத்தியானம் பாதி ஆப்பிள், ராத்திரி கோஸ் சூப். வெள்ளிக்கிழமையில் அந்தச் சூப்பும் கிடையாது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெந்நீர்க் கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். வயிறு கூப்பாடு போடும். அப்போது அவள் சங்கத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துக்கொள்வாள். ஆர்டிஸும் இந்நேரம் வெந்நீர்தான் குடிப்பாள். பெவ் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து மூடுவாள். ஊரில் பத்துப் பன்னிரண்டு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இதே பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி நினைத்தால் வீட்டில் ஆள் இருப்பது போலிருக்கும். தனியாக இருப்பவளுக்கு அது பெரிய ஆறுதல். அவள் வாரம் முழுக்க எதிர்பார்த்திருந்ததே அந்தப் பசித்த மாலையைத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்குக் கண் இருட்டியது. சட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். குழம்பு ஒன்றாம் வகுப்பு வரிசை வரைக்கும் ஓடியது. தலைமையாசிரியர் அவளை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, உணவு ஆலோசகர் ஒருத்தியிடம் தள்ளிவிட்டார்கள். டாரா என்று பெயர், மகன் வயதுதான் இருக்கும்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று டாரா கேட்டாள். வெர்னா பெருமையாகவே சொன்னாள். டாரா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கைகளைப் பார்த்தாள். நகமெல்லாம் நீலம் பூத்திருந்தது.

"இது நாலு வயசுக் குழந்தைக்கே பத்தாதுங்க. நீங்க என்னடான்னா நாள் பூரா சட்டி தூக்குறீங்க."

"இறங்க மாட்டேங்குதே. இன்னும் குறைக்கணும்னு நினைச்சேன்."

"நீங்க குறைக்கக் குறைக்க உடம்பும் தன் செலவைக் குறைச்சுக்குது. அது வேற என்ன பண்ணும்? முடி கொட்டுது, குளிர் தாங்கல, சதை கரையுது. கொழுப்பை மட்டும் பத்திரமா வெச்சிருக்கு. இப்போ நீங்க கூடச் சாப்பிடணும். இப்போ சாப்பிடறதுல இன்னொரு மடங்கு."

மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகலாம், ரொட்டி, பாலாடைக்கட்டி, மீன் எதையும் ஒதுக்கவேண்டாம் என்று விளக்கினாள். முதல் ஒன்றிரண்டு வாரம் தராசு ஏறலாம், அது உப்பும் தண்ணீரும்தான், கொழுப்பில்லை, பிறகு தானாக இறங்கும் என்றாள். வெர்னாவின் காதில் 'ஏறலாம்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. 

"ஏம்மா, குடியை விட்டவன்கிட்டப் போயி இன்னும் ரெண்டு கிளாஸ் ஊத்திக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கே."

டாரா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "குடிக்காம ஒருத்தர் காலம் பூரா இருந்துடலாங்க. சாப்பிடாம இருக்க முடியாதே. அதான் உங்க பாடு அவனைவிடக் கஷ்டம்."

திரும்பி வரும் வழியில் வெர்னா கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு ரொட்டியில் தடவி, தட்டில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் ரொட்டிமீது இல்லை. பழைய வெர்னாமீது. விளக்கைப் போடாமல், பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடி ஒரு முழுக் கேக்கைக் கையாலேயே பிய்த்துத் தின்றவள் அவள். குப்பைத்தொட்டியில் போட்டதை எடுத்துத் தின்றதும் உண்டு, அது யாருக்கும் தெரியாது. அவள் எங்கும் போய்விடவில்லை, தொண்ணூறு பவுண்டுக்கு உள்ளே எங்கேயோ சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வாய் ரொட்டி போதும், எழுந்து வந்துவிடுவாள் என்று வெர்னா முழுசாக நம்பினாள். அவள் வந்துவிட்டால் சனிக்கிழமை தராசு ஏறும். தராசு ஏறினால் கைதட்ட யாரும் இருக்கமாட்டார்கள். பிறகு வெர்னாவுக்கென்று யார் இருக்கிறார்கள்?

ரொட்டியைக் குப்பையில் போட்டு, திரும்ப எடுத்துத் தின்ன முடியாதபடி மேலே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைப் பீய்ச்சினாள். மறுநாளும் இதே கூத்துதான். வியாழக்கிழமையும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, சாலை வளைவில் ஒரு நொடி கண் மங்கியது. வண்டி ஓரத்துப் பனிக்குவியலில் உரசி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். செத்துத்தான் போவேன் என்று தெளிவாகத் தோன்றியது. எதிரே கென்னி பாரின் விளக்கு எரிந்தது. வீட்டில் என்றால் சோப்புப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இங்கே சாப்பாட்டின்மேல் சோப்பை ஊற்ற கென்னி விடமாட்டான். அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று இருந்தது. எடைச் சங்கத்துக்காரி ஒருத்திகூட எட்டிப் பார்க்காத இடம் ஊரில் ஒன்று உண்டென்றால், அது வெள்ளிக்கிழமை மாலை கென்னி பார்தான். யார் கண்ணிலும் படாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம்.

உள்ளே கூட்டமும் எண்ணெய் வாசனையுமாக இருந்தது. பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டு நிமிர்ந்தவள், பின்பக்கத்து நீள மேசையைப் பார்த்தாள்.

சங்கமே உட்கார்ந்திருந்தது.

மறந்துபோன ஏதோ கூட்டம் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள், பாவம். பிறகு தட்டுகளைப் பார்த்தாள். சீட்டுக்கட்டைப் பார்த்தாள். பெவ்வின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். யாரோ ஒருத்தி துடைக்கிற காகிதத்தை எடுத்துத் தட்டை மூடினாள். அறுபது வயதுப் பெண்கள் அத்தனை பேர் முகத்திலும் ஈயாடவில்லை. இந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெண் இரண்டாவது தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தாங்க, எப்பவும் போல உப்புக் கம்மியாப் போட்டிருக்கேன். நாளைக்குத் தராசாச்சே."

ஆர்டிஸ் எழுந்து வந்தாள். இன்றைக்கு மட்டும்தான் என்று என்னவோ சொல்ல வாயெடுத்தாள். 'எப்பவும் போல' என்று அந்தப் பெண் சொன்னது இருவர் காதிலும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"என்னை ஏன் கூப்பிடல?" என்றாள் வெர்னா.

"உன்னை எப்படிடி கூப்பிடுவோம்? நீ ராணி. நீ ஒரு பார்வை பார்த்தா எங்களுக்குத் தொண்டையில இறங்குமா? உன் முன்னாடி சாப்பிடவே எங்களுக்குப் பயம்."

 வெர்னா அவர்கள் மேசைக்குப் போகவில்லை. கதவுப் பக்கம் திரும்பினாள், கண் மறுபடி மங்கியது. இப்படியே வெளியே போனால் அடுத்த வளைவைத் தாண்டமாட்டாள் என்று தெரிந்தது. குடிப்பவர்கள் வரிசையில் காலியாக இருந்த உயர நாற்காலியில் ஏறி, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு முழுத் தட்டு மீன் கேட்டாள். உப்பு எவ்வளவு என்று கென்னி கேட்டான். எல்லோருக்கும் போடுவது போல என்றாள்.

தட்டு வந்தது. முதல் துண்டை வாயில் வைத்தாள். மொறுமொறுப்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று சூடு. கண்ணில் நீர் வந்துவிட்டது, சூட்டினால் மட்டுமில்லை. ஒவ்வொரு வாய்க்கும் பழைய வெர்னா எழுந்து வருகிறாளா என்று காத்திருந்தாள். இதோ வருவாள், தட்டையே பிடுங்குவாள், பக்கத்துக்காரன் தட்டிலும் கை வைப்பாள். மீன் தீர்ந்தது. அடை தீர்ந்தது. ரொட்டியில் பாதி மிச்சம் இருக்கும்போது வயிறு போதும் என்றது. அந்தச் சொல்லை அவள் வயிற்றிலிருந்து கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. வேறு யாரோ பேசுவது போலிருந்தது. பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். பின்பக்கத்து மேசையில் அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உடம்பு சூடாக இருந்தது, விரல் நுனியில் ரத்தம் ஓடுவதுகூடத் தெரிந்தது. சாப்பிட்டதற்காக அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் அது மீனுக்காக இல்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளை இந்த நாற்காலியில் அவர்களோடு கழித்ததாக நினைத்திருந்தாள். ஒன்றில்கூட அவர்கள் இல்லை.

மறுநாள் காலையில் தராசில் ஏறினாள். இரண்டரைப் பவுண்டு கூடியிருந்தது. ஈஸ்டர் வருவதற்குள் அந்த இரண்டரையும், அதற்குமேல் நாலைந்தும் இறங்கத்தான் செய்தன, தினமும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே. ஆனால் அன்றைக்கு அது அவளுக்கு எப்படித் தெரியும்? 

ஆர்டிஸ் குனிந்து, உதடு அசையாமல் பேசினாள். "அப்படியேன்னு சொல்லிடவா? பாதிப் பேருக்கு நான் அப்படித்தான் சொல்றேன்."

"கூடியிருக்குன்னே சொல்லு."

"எதுக்குடி வம்பு?"

"சொல்லு ஆர்டிஸ்."

ஆர்டிஸ் சொன்னாள். கீழ்த்தளத்தில் வெந்நீர்க் குழாய் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கத்து வழக்கப்படி வெர்னா நாற்காலி வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை.  கவுனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மீன் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு அடையும் சாப்பிட்டேன். ரொட்டி பாதிதான். நீங்கதான் பார்த்தீங்களே."

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவளுக்குச் சொல்லவேண்டியது இன்னும் இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா ஜன்னல்கிட்ட உட்கார்ந்து உங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா நினைச்சுப்பேன். இந்நேரம் பெவ்வுக்கும் பசிக்கும், ஆர்டிஸுக்கும் பசிக்கும்னு. பசிச்சாலும் அழுகை வராது, அப்படி நினைச்சா. துணைக்கு ஆள் இருக்குன்னு இருந்தேன்."

 கவுனை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"இனிமே வெள்ளிக்கிழமையும் சாப்பிடுவேன். அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. இத்தனை நாள் அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். வந்தேவிட்டது. வெறும் அமைதி, வெந்நீர்க் குழாய், பெவ் மூக்கைச் சிந்துகிற சத்தம். உயிர் ஒன்றும் போய்விடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பூட்ஸை நின்றபடியே இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

வெளியே கண் கூசுகிற வெயில், ஆனால் மூச்சு உறைகிற குளிர். காரை உயிர்ப்பித்து, சூடாக்கியைத் திருகிவிட்டு, முன் இருக்கையில் இருந்த பொட்டலத்தை எடுத்தாள். எடை பார்த்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள் என்று டாரா சொல்லியிருந்தாள் என்பதால், காலையில் செய்து வைத்தது. கறுப்பு ரொட்டி இரண்டு, நடுவில் வெண்ணெயும் பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும். அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.  இரண்டரைப் பவுண்டு ஏறிய நாளில், பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், ரொட்டி. பிறகு காகிதத்தைப் பிரித்துக் கடித்தாள்.

இரண்டாவது வாய் மெல்லும்போது ஜன்னலை யாரோ தட்டினார்கள். ஆர்டிஸ். அவசரத்தில் கோட்டுப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. வெர்னா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். ஆர்டிஸ் உள்ளே வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் சூடாக்கியிடம் நீட்டிக்கொண்டாள்.  பேச இருந்ததையெல்லாம் படியேறி வரும்போதே தொலைத்துவிட்டாள் போலிருந்தது.

"நேத்து உன்னைப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்கும் சாப்பாடு இறங்கலடி," என்றாள் கடைசியில். "காலையில இருந்து பட்டினி. அதுல ஒரு துண்டு குடேன்."

வெர்னா ரொட்டியைப் பார்த்தாள். ஆர்டிஸைப் பார்த்தாள். கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும். இரண்டு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்தது இப்படி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்காரமாட்டாளா என்றுதான். கேட்டதும் தட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்பாடா, கணக்கில் ஒன்று குறைந்தது என்று போன வாரத்து வெர்னா சந்தோஷப்பட்டிருப்பாள்.

"மாட்டேன்," என்றாள் வெர்னா. "இது எனக்கு வேணும்."

ஆர்டிஸ் கையை மடக்கிக்கொண்டாள். இறங்கிப் போய்விடுவாள் என்று வெர்னா நினைத்தாள். அவள் போகவில்லை. எதிரே தேவாலயத்துச் சுவரைப் பார்த்தபடி, வெர்னா கடைசி வாயை மென்று விழுங்குகிற வரைக்கும், பசியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.